தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலே 'மொழிபெயர்க்கவா?' என்கிறதா? பிரவுசரை நிறுத்தும் வழி: கேள்வி பதில்

காலையில் போனில் செய்தி படிக்க உட்காருகிறோம். தமிழ் நாளிதழின் தளம் திறக்கிறது. தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் திரையின் அடியில் ஒரு பட்டை எழும்புகிறது: ஒரு பக்கம் 'டமில்', இன்னொரு பக்கம் 'இங்கிலீஷ்'. பக்கத்தை உருட்டப் போன கட்டைவிரல் 'இங்கிலீஷ்' மேல் பட்டுவிட்டால் போதும், தமிழ்க் கட்டுரை முழுவதும் அரைகுறை ஆங்கிலமாகிவிடும். இதை எப்படி நிறுத்துவது என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மெனு பெயர்களை ஆங்கில மெனுவில் இருப்பது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பெரும்பாலோர் போனும் கணினியும் அப்படித்தான் இருக்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு சொல் மாறலாம், ஆனால் இடம் ஏறக்குறைய இதுதான்.

நான் தமிழ் படிப்பவன். என்னிடம் ஏன் இதைக் கேட்கிறது?

நீங்கள் தமிழ் படிப்பீர்கள் என்று பிரவுசரிடம் யாரும் சொல்லவில்லை, அதனால்தான். போனையோ கணினியையோ ஆங்கிலத்தில் வைத்திருந்தால், இவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்று அது முடிவு செய்துகொள்கிறது. பக்கம் திறந்ததும் அதிலுள்ள எழுத்தைப் பார்த்து மொழியைக் கண்டுபிடிக்கிறது. அந்த மொழி உங்கள் பட்டியலில் இல்லையென்றால் உடனே பட்டையை நீட்டுகிறது.

குரோமில் இந்த வசதி 2010-லேயே வந்துவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011 ஜூனில், வங்காளம், குஜராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு. 2017-ல் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு நரம்பு வலைப்பின்னல் முறை வந்தது, அதாவது சொல் சொல்லாக இல்லாமல் முழு வாக்கியத்தையும் பார்த்து மொழிபெயர்க்கும் முறை. தரம் கூடியது உண்மைதான். ஆனால் தமிழ் தெரிந்தவருக்குத் தமிழை மொழிபெயர்த்துக் கொடுப்பதில் என்ன பயன்?

வரும்போதெல்லாம் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் போதாதா?

அந்தப் பக்கத்துக்கு மட்டும் போதும். அடுத்த பக்கத்தில் மறுபடி வரும். ஆண்ட்ராய்டு குரோம் நீங்கள் செய்வதை எண்ணிக்கொண்டே இருக்கும். பல தடவை மூடினால், இந்த மொழியை இனி மொழிபெயர்க்க மாட்டேன் என்று ஒரு சின்ன அறிவிப்பு காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஒரு முறை அமைப்பில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

மொழிபெயர்ப்பையே முழுதாக அணைப்பதா, தமிழுக்கு மட்டும் நிறுத்துவதா?

தமிழுக்கு மட்டும் நிறுத்துங்கள். என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

முழுதாக அணைத்துவிட்டால், நாளைக்கு ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பக்கமோ ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் அறிவிப்போ கண்ணில் பட்டால் கை வசம் உதவி இருக்காது. இலங்கையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழும் ஆங்கிலமும் படிப்பார்கள், சிங்களம் மட்டும் சிரமமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிங்களப் பக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வரவேண்டும், தமிழுக்கு வரக்கூடாது. மொழி மொழியாகச் சொல்வதற்கு அமைப்பில் இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் முறை.

வேறு மொழிப் பக்கமே பார்ப்பதில்லை என்பவர்கள் முழுதாகவே அணைக்கலாம், தவறில்லை.

கணினியில் குரோம் வைத்திருக்கிறேன். எங்கே போகவேண்டும்?

இரண்டு வழி. குறுக்கு வழியை முதலில் சொல்கிறேன்.

தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறங்கள். முகவரிப் பட்டையின் ஓரத்தில் மொழிபெயர்ப்புப் பெட்டி வரும். அதிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'நெவர் ட்ரான்ஸ்லேட் டமில்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழுக்கு இனி பெட்டி வராது. அதே இடத்தில் 'நெவர் ட்ரான்ஸ்லேட் திஸ் சைட்' என்றும் இருக்கும். அது அந்த ஒரு தளத்துக்கு மட்டும். அவசரத்தில் நிறையப் பேர் இதை அழுத்திவிட்டு, மற்ற தளங்களில் ஏன் இன்னும் வருகிறது என்று கேட்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

இன்னொரு வழி: வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளி, 'செட்டிங்ஸ்', அதற்குள் 'லாங்குவேஜஸ்'. கீழே இறங்கினால் 'கூகுள் ட்ரான்ஸ்லேட்' பகுதி வரும். முழுதாக அணைக்க 'யூஸ் கூகுள் ட்ரான்ஸ்லேட்' என்ற சுவிட்சைத் தள்ளுங்கள். தமிழுக்கு மட்டும் என்றால் சுவிட்ச் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே, எந்த மொழிகளுக்குக் கேட்கவே கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. அதில் 'ஆட்' அழுத்தித் தமிழைச் சேருங்கள்.

அதே பகுதியில் எந்த மொழிக்கு மாற்றவேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். சிங்களத்தை ஆங்கிலத்தில் படிப்பதைவிடத் தமிழில் படிப்பது சுலபம் என்பவர்கள் அங்கே தமிழை வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. 'தமிழை மொழிபெயர்க்காதே' என்று சொன்ன பிறகும், எப்போதாவது தமிழ் தெரியாத நண்பருக்குக் காட்டவேண்டும் என்றால், பக்கத்தின் வெற்று இடத்தில் வலது பட்டனை அழுத்தி மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கலாம். நாம் கேட்டால் செய்யும், கேட்காமல் செய்யாது.

'விருப்ப மொழிகள்' பட்டியலில் தமிழைச் சேர்த்தால்?

'லாங்குவேஜஸ்' பக்கத்தின் மேலே அந்தப் பட்டியல் இருக்கும். அங்கே தமிழைச் சேர்ப்பது நல்ல பழக்கம். இவர் இந்த மொழிகள் படிப்பார் என்று பிரவுசர் புரிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பட்டியலை நீங்கள் போகும் தளங்களுக்கும் பிரவுசர் வரிசைப்படி அனுப்புகிறது. தமிழை முதலிடத்தில் வைத்தால், தமிழ்ப் பதிப்பு உள்ள தளங்கள் தமிழிலேயே திறக்கத் தொடங்கும். சிலருக்கு அதுதான் வேண்டும், அவர்களுக்கு நல்லது. வேண்டாம் என்றால் ஆங்கிலத்தை முதலிலும் தமிழை இரண்டாவதாகவும் வையுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில்?

பட்டை வந்திருக்கும்போதே அதன் ஓரத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'நெவர் ட்ரான்ஸ்லேட்' என்று தொடங்கும் வரியில் மொழிக்கு உரியதைத் தேர்ந்தெடுப்பதுதான் சீக்கிரமான வழி. பட்டை போய்விட்டதென்றால் குரோமின் மெனுவில் 'செட்டிங்ஸ்', 'லாங்குவேஜஸ்' போங்கள். மொழிபெயர்ப்புக்கான சுவிட்ச் அங்கே இருக்கும். அதன் அடியில் 'அட்வான்ஸ்டு' பகுதியை விரித்தால் 'கேட்கவே வேண்டாம்' பட்டியல் வரும்.

ஐபோன் குரோமில்?

'செட்டிங்ஸ்', அதில் 'லாங்குவேஜஸ்'. மொழிகளின் பட்டியலில் தமிழைத் தொட்டால், மொழிபெயர்க்கக் கேட்கலாமா, கேட்கவே வேண்டாமா என்று தேர்வு வரும்.

நான் எதையும் மாற்றவில்லை. பக்கம் தானாகவே ஆங்கிலத்தில் வருகிறது. ஏன்?

பட்டையில் 'இங்கிலீஷ்' மேல் விரல் சில தடவை பட்டிருக்கும். போன் குரோம் மூடுவதை எண்ணுவது போலவே ஏற்பதையும் எண்ணுகிறது. தொடர்ந்து ஏற்றால், இனி இந்த மொழியை எப்போதும் மொழிபெயர்ப்பேன் என்று அடியில் ஒரு வரி காட்டிவிட்டுத் தானாகவே ஆரம்பித்துவிடும். பக்கத்தில் 'அன்டூ' இருக்கும். சில நொடியில் மறைந்துவிடும், நாம் கவனித்திருக்க மாட்டோம்.

வயதானவர்கள் போனில்தான் இது அதிகம் நடக்கிறது. என் பெரியம்மா ஒரு வாரமாகப் பேப்பர் படிக்கவில்லை. கேட்டால், 'இப்போ எல்லாம் இங்கிலீஷ்லயே போடுறாங்கப்பா' என்றார். பத்திரிகையே மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். போனை வாங்கிப் பார்த்தேன். பட்டையின் மூன்று புள்ளிக்குள் 'ஆல்வேஸ் ட்ரான்ஸ்லேட் டமில்' என்பதற்கு நேரே டிக் விழுந்திருந்தது. டிக்கை எடுத்துவிட்டு 'நெவர்' என்பதற்கு மாற்றினேன். அரை நிமிட வேலை. அந்த ஒரு வாரம் அவர் ராசிபலன்கூடப் படிக்காமல் இருந்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் எட்ஜில்?

எட்ஜும் 2020 ஜனவரியிலிருந்து குரோமின் அடித்தளமான குரோமியத்தில்தான் ஓடுகிறது. அதனால் அமைப்பும் ஏறக்குறைய அதேதான், மொழிபெயர்ப்பது மட்டும் மைக்ரோசாஃப்டின் சொந்த எந்திரம். 'செட்டிங்ஸ்', 'லாங்குவேஜஸ்' போனால், நான் படிக்காத மொழிப் பக்கங்களை மொழிபெயர்க்கக் கேள் என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அல்லது பெட்டி வரும்போதே 'நெவர் ட்ரான்ஸ்லேட்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஃபயர்பாக்ஸில்?

ஃபயர்பாக்ஸ் 2023 செப்டம்பரில், 118-ஆம் பதிப்பில்தான் முழுப் பக்க மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தது. பக்கத்தின் எழுத்து வெளியே போகாமல் உங்கள் கணினியிலேயே மொழிபெயர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், எடின்பரோ உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் மொசில்லாவுடன் சேர்ந்து செய்த பெர்காமோட் என்ற திட்டத்திலிருந்து வந்தது அது. இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஃபயர்பாக்ஸ் மேல் தனி மரியாதை.

பெட்டி வரும்போது அதிலுள்ள பல்சக்கரத்தை அழுத்துங்கள். 'ஆல்வேஸ் ஆஃபர் டு ட்ரான்ஸ்லேட்' என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்தால், எந்த மொழிக்கும் பெட்டி தானாகக் குதிக்காது. முகவரிப் பட்டையில் ஒரு சின்னம் மட்டும் நிற்கும், வேண்டும்போது தொடலாம். குறிப்பிட்ட மொழி, குறிப்பிட்ட தளம் என்று நிறுத்தவும் அதே மெனுவில் வரிகள் உண்டு. இந்தச் சின்னம் மட்டும் நிற்கும் ஏற்பாடுதான் எல்லா பிரவுசரிலும் இயல்பாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சஃபாரியில்?

2020-ல் ஐஓஎஸ் 14 வந்தபோது சஃபாரியிலும் மொழிபெயர்ப்பு வந்தது. ஆனால் அது குறுக்கே வந்து நிற்பதில்லை. முகவரிப் பட்டையில் அடையாளம் காட்டுவதோடு சரி. தொடாமல் விட்டால் போதும்.

படிவம் நிரப்பும்போது மொழிபெயர்ப்பு இயங்கினால் ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இணைய விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தமிழ்ப் படிவம். பிரவுசர் அதை ஆங்கிலமாக்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை, படிவமே ஆங்கிலம் என்று நினைத்துவிட்டேன். எல்லாம் நிரப்பி அனுப்பினால், 'தவறான தேர்வு' என்று திருப்பியது. மூன்று முறை முயன்றும் அதே கதை. அப்புறம்தான் முகவரிப் பட்டையின் ஓரத்திலிருந்த மொழிபெயர்ப்புச் சின்னம் கண்ணில் பட்டது. அசல் பக்கத்துக்கு மாற்றி நிரப்பினேன், முதல் முறையே போய்விட்டது.

காரணம் இதுதான். மாவட்டம், பாலினம் போன்ற கீழிறங்கும் பட்டியல்களில் நம் கண்ணுக்குத் தெரியும் சொல் ஒன்று, உள்ளே அனுப்பப்படும் மதிப்பு இன்னொன்று என்று வைப்பதுதான் முறை. சில தளங்களில் மதிப்பைத் தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். அப்போது கண்ணுக்குத் தெரியும் சொல்லே அனுப்பப்படும். அதை மொழிபெயர்ப்பு மாற்றிவிட்டால், மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அப்படி ஒரு சொல்லே தெரியாது.

இரண்டாவது தொல்லை, பக்கம் உறைந்து போவது. குரோம் மொழிபெயர்க்கும்போது பக்கத்திலுள்ள எழுத்துகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு உறைகளில் போட்ட புதிய எழுத்துகளை வைக்கிறது. ரியாக்ட் போன்ற கருவிகளால் கட்டிய தளங்கள், தாங்கள் வைத்த எழுத்து வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று நம்பி இயங்குகின்றன. தேடிப் பார்த்து அது இல்லையென்றால் பிழை காட்டி நின்றுவிடும், சில சமயம் திரையே வெள்ளையாகிவிடும். நிரல் எழுதுபவர்களுக்கு இது வெகுநாளாகத் தெரிந்த சிக்கல்.

மூன்றாவது, பெயர்கள். மணி என்ற பெயர் கடிகார மணியாகலாம், முத்து என்ற பெயர் கடல் முத்தாகலாம், மாலை என்ற சொல் நேரமா பூமாலையா என்று எந்திரம் தடுமாறும். எதிர்த் திசையிலும் இதே கதைதான். முன்பதிவுக்கான 'புக்' பட்டன் புத்தகமாகிவிடும், 'மே' மாதம் 'இருக்கலாம்' ஆகிவிடும். செய்தி படிக்கும்போது இதை ஊகித்துக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் எடுக்கும்போதும் வங்கிப் பக்கத்தில் நிற்கும்போதும் ஊகிப்பது ஆபத்து.

ஆகவே பணம், விண்ணப்பம், தேர்வு, மருத்துவம் சம்பந்தப்பட்ட தளங்களில் 'நெவர் ட்ரான்ஸ்லேட் திஸ் சைட்' என்பதை மறக்காமல் அழுத்திவிடுங்கள். அந்த வரி இருப்பது இதற்காகத்தான்.

மொழிபெயர்க்கும்போது நான் படிப்பது வெளியே போகிறதா?

குரோமில் பக்கம் எந்த மொழி என்று கண்டுபிடிப்பது உங்கள் கருவியிலேயே நடக்கிறது. பட்டை வந்ததால் மட்டும் பக்கத்தின் எழுத்து எங்கேயும் போய்விடாது. மொழிபெயர்க்கச் சொன்ன பிறகுதான் அது கூகுளின் கணினிகளுக்குப் போகிறது. எட்ஜில் மைக்ரோசாஃப்டுக்குப் போகிறது.

'எப்போதும் மொழிபெயர்' இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் மின்னஞ்சல் பக்கமும் மருத்துவ அறிக்கைப் பக்கமும் தமிழில் இருக்கும்பட்சத்தில் அதே வழியில் போகும். பெரியவர்கள் போனைப் பாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்ப் பக்கத்தை ஏதோ வேற்று மொழி என்று காட்டுகிறதே?

இரண்டு இடத்தில் இப்படி நடக்கும். ஒன்று, பழைய தளங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்தார்கள். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு என்ற சட்டையைப் போட்டால்தான் தமிழாகத் தெரியும். பிரவுசர் சட்டையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் பார்த்து ஐரோப்பிய மொழி ஏதோ ஒன்று என்று ஊகிக்கிறது. அதை மொழிபெயர்த்தால் குப்பைதான் வரும். அந்தத் தளத்தை மட்டும் நிறுத்திவையுங்கள்.

மற்றொன்று, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 'எப்படி இருக்கீங்க' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால், அது எந்த நாட்டு மொழி என்று பிரவுசர் திணறும். இங்கே தமிழைத் தடுத்துப் பயனில்லை, ஏனென்றால் அது தமிழ் என்றே அதற்குத் தெரியாது. இங்கும் தளத்தைத்தான் தடுக்கவேண்டும்.

எல்லாம் செய்துவிட்டேன். இன்னும் வருகிறது!

அப்படியானால் வருவது பிரவுசரின் பட்டை இல்லை. எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பக்கத்தின் உச்சியில், தளத்தின் தலைப்புக்கும் மேலே ஒரு பட்டை நின்றால், அது அந்தத் தளமே பொருத்தியிருக்கும் கூகுள் மொழிபெயர்ப்புக் கருவியாக இருக்கலாம். பிரவுசர் அமைப்பு அதைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பட்டையிலேயே அசல் மொழிக்குத் திரும்பும் வழி இருக்கும். அப்படியும் அடம்பிடித்தால் அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்துப் பாருங்கள்.

கூகுள் தேடலிலிருந்து திறந்த பக்கம் மொழிபெயர்த்தே வருகிறதென்றால் முகவரியைக் கவனியுங்கள். தளத்தின் பெயர்ப் பகுதி 'ட்ரான்ஸ்லேட் புள்ளி கூக்' என்று முடிந்தால், நீங்கள் பார்ப்பது கூகுள் நடுவில் நின்று காட்டும் நகல். அசல் பக்கத்துக்குப் போகும் இணைப்பை அங்கேயே தேடி அழுத்துங்கள்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் ஒரு குட்டிச் சின்னம் குதித்தால், பிரவுசரோடு சேர்க்கும் துணைக் கருவியான கூகுள் ட்ரான்ஸ்லேட் நீட்சியை எப்போதோ நிறுவியிருப்பீர்கள். அதன் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் சின்னமும் பெட்டியும் வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது நீட்சியையே எடுத்துவிடலாம்.

அலுவலகக் கணினியில் சுவிட்ச் நகரவே மாட்டேன் என்கிறதா? நிறுவனத்தின் கணினிப் பிரிவு அதைப் பூட்டி வைத்திருக்கலாம். அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

ஃபேஸ்புக் போன்ற செயலிகளுக்குள் வரும் மொழிபெயர்ப்புக்கும் பிரவுசருக்கும் சம்பந்தம் இல்லை. ஃபேஸ்புக்கின் மொழி அமைப்புகளில் எந்த மொழிகளை மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லத் தனி இடம் உண்டு. அங்கே தமிழைச் சேருங்கள்.

நான் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். வாசகர்களுக்கு இந்தத் தொல்லை வராமல் நான் ஏதாவது செய்யமுடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். முதலில் பக்கத்தின் தொடக்கத்திலுள்ள எச்டிஎம்எல் குறிச்சொல்லைப் பாருங்கள். அதில் 'லாங்' என்ற பண்பு இருக்கும். நிறைய தமிழ்த் தளங்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கிறது. வார்ப்புருவோடு வந்ததை யாரும் மாற்றுவதில்லை. அதைத் தமிழுக்கான குறியீட்டுக்கு மாற்றுங்கள், 'டி', 'ஏ' என்ற இரண்டு எழுத்துதான். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்கவும் இது உதவும். அதற்காகவே செய்யலாம்.

பெயர், கவிதை, நிரல் வரி போன்ற, மாறவே கூடாத துண்டுகளுக்கு 'ட்ரான்ஸ்லேட்' என்ற பண்பைச் சேர்த்து மதிப்பை 'நோ' என்று கொடுங்கள். முழுப் பக்கத்துக்கும் பட்டை வராமல் தடுக்க, தலைப்பகுதியில் கூகுளுக்கென்று 'நோட்ரான்ஸ்லேட்' என்ற மெட்டா வரி ஒன்று உண்டு. படிவப் பக்கங்களில் அதைத் தாராளமாகப் போடுங்கள். கட்டுரைப் பக்கங்களில் போடாதீர்கள். தமிழ் தெரியாத ஒருவர் உங்கள் கட்டுரையைப் படிக்க ஆசைப்படலாம், அவருக்குக் கதவை மூடவேண்டாம்.

தவறுதலாக 'நெவர்' அழுத்திவிட்டேன். எப்படித் திரும்புவது?

மொழியைத் தடுத்திருந்தால், முன்பு சொன்ன 'லாங்குவேஜஸ்' பக்கத்திலுள்ள பட்டியலில் அந்த மொழியை நீக்குங்கள். தளத்தைத் தடுத்திருந்தால் அதே தளத்துக்குப் போங்கள். கணினியில் வலது பட்டன் மெனுவிலிருந்து மொழிபெயர்ப்பைக் கூப்பிட்டால் பெட்டி வரும். அதன் மூன்று புள்ளிக்குள் 'நெவர் ட்ரான்ஸ்லேட் திஸ் சைட்' என்பதற்கு நேரே டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தால் பட்டை பழையபடி வரும்.